வேலை பார்த்துக்கொண்டே ஒரு பட்டம்: பொழுதுபோக்கு நிர்வாகம் படிக்க நினைப்பவர்களுக்கு
(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை)



"சிவில் முடிச்சுட்டு டூரிஸம் படிக்கப் போறீங்களாண்ணே?" என்று வகுப்புத் தம்பிகள் என்னைக் கிண்டல் செய்வது உங்களில் பலருக்குத் தெரியும். ப்ளஸ் டூ முடித்து ஒன்பது வருஷம் கொடைக்கானலுக்கு வேன் ஓட்டிய பிறகு, நேரடி இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தவன் நான். என்னைப்போல வயசு கடந்து வந்தவர்களும், டிப்ளமோவோடு வேலைக்குப் போய் நாலைந்து வருஷம் கழித்துப் பட்டம் வாங்க நினைப்பவர்களும் எதைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 'ரிக்ரியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன்', அதாவது பொழுதுபோக்கு நிர்வாகம் என்றே ஒரு பட்டம் இருக்கிறது. நகரத்துப் பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும் என்று 1906இல் அங்கே ஒரு விளையாட்டுத் திடல் சங்கம் தொடங்கினார்கள். அந்த இயக்கத்தோடு வளர்ந்த தொழில் இது. பூங்கா, நீச்சல்குளம், முகாம் இவற்றையெல்லாம் நடத்துவது எப்படி, கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது, பட்ஜெட் எப்படிப் போடுவது என்பதுதான் பாடம். நம்மூரில் இந்தப் படிப்பு உடற்கல்வி, ஹோட்டல் நிர்வாகம், சுற்றுலா என்று மூன்று துண்டாகக் கிடக்கிறது. உடற்கல்விக்கு நம்மிடம் பழைய பெருமை உண்டு. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. ஆனால் முப்பது வயசில் என்னை நூறு மீட்டர் ஓடிக் காட்டச் சொன்னால் ஆம்புலன்ஸும் கூடவே ஓடி வரவேண்டியிருக்கும்! ஹோட்டல் படிப்பு சமையல்கட்டில் தொடங்குகிறது. மிச்சமிருப்பது சுற்றுலா.

சிவில்காரனுக்கு இதில் என்ன வேலை? எங்க ஊர் கெங்குவார்பட்டி. பக்கத்திலேயே காட்ரோடு, கொடை மலைப்பாதை பிரிகிற இடம். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலையாறு அருவியை (எலிவால் அருவி என்பார்கள்) பார்ப்பதற்காக அந்தப் பாதையில் எத்தனையோ தடவை வேனை நிறுத்தியிருக்கிறேன். சீசனில் வண்டி நகராது. கடைசியில் விஷயம் கோர்ட்டுக்குப் போய், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனுக்குக் கொடைக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பு கட்டினார்கள். ஒரு மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று சொல்ல ரோட்டின் அகலம், வண்டி நிறுத்த இடம், தண்ணீர், கழிவுநீர், குப்பை எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதில் பாதி நாம் சர்வேயிலும் சுற்றுச்சூழல் பொறியியலிலும் படித்ததுதானே!

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 மார்ச் 11இல் நம் போடிக்கு மேலே குரங்கணி மலையில், மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வருஷமே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை வழிகாட்டிகளோடு 40 பாதைகளைத் திறந்து இணையத்தில் பதிவு செய்ய வழி செய்தார்கள். யார் மலைக்குப் போனார்கள், எந்தப் பாதை, கூட யார், தீ வந்தால் எந்தப் பக்கம் இறங்குவது? இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கென்று படித்த ஒருவர் இருக்க வேண்டும். சுற்றுலா என்றாலே டிக்கெட் போடுவது என்று நினைக்கிற தம்பிகளுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி எப்படித் தேர்ந்தெடுப்பது? கல்லூரியின் பெயரைப் பார்க்கும் முன் காலண்டரைப் பாருங்கள். நம்ம தொழிலில் ஏப்ரல், மே மாதம்தான் அறுவடை. எனக்கு நாள் படி 1,000 ரூபாய். அறுபது நாள் விட்டால் 60,000. மூன்று சீசன் விட்டால் 1,80,000. ஃபீஸை மட்டும் கூட்டிப் பார்த்து "சல்லிசு" என்று சொல்பவர்கள் இதைக் கூட்டுவதில்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) சுற்றுலா இளநிலைப் பட்டம் இருக்கிறது. தேர்வு ஜூன், டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை. மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷம் வரை இழுக்கலாம். சீசன் அலுப்பில் ஜூனில் எழுத முடியாததை டிசம்பரில் எழுதிக்கொள்ளலாம். ஒப்படைப்புகளை மட்டும் நேரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, பட்டம் செல்லுமா என்பது. ப்ளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் தமிழக அரசு ஆணை போட்டது. எனக்கு ப்ளஸ் டூ இருக்கிறது, தப்பித்தேன். பத்தாவது முடித்து நேராக டிப்ளமோ வந்தவர்கள், சேரப்போகும் படிப்பின் தகுதி விதியில் மூன்றாண்டு டிப்ளமோவை ஏற்பதாக இருக்கிறதா என்று பார்த்து, எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு உதவாது. தொலைநிலைப் படிப்பு என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரப் பட்டியலில் நீங்கள் சேரும் வருஷத்துக்கு அந்தப் படிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்க ஸ்டாண்டு டிரைவர் ஒருத்தர் "ஒரே வருஷத்துல டிகிரி" என்று ஒரு சென்டரில் பணம் கட்டினார். மார்க் ஷீட் பளபளவென்று வந்தது. பல்கலைக்கழகத்தில் கேட்டால் அப்படி ஒரு பதிவு எண்ணே இல்லையாம். பாவம், மனைவியின் தோட்டை வைத்துக் கட்டிய பணம்.

களப்பயிற்சியைப் பற்றியும் கேளுங்கள். ஏற்கெனவே பார்க்கிற வேலையையே பயிற்சியாகவோ ஆய்வு அறிக்கையாகவோ எடுத்துக்கொள்வார்களா? கும்பக்கரையில் வெள்ளம் வரும்போது எப்படி ஆட்களை வெளியேற்றுகிறார்கள், வைகை அணைப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கழிப்பறை போதுமா என்று நம் பக்கத்தில் தலைப்புக்கா பஞ்சம்?

பத்தொன்பது வயசுத் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது வேறு. வீட்டில் தாங்குவார்கள் என்றால் ரெகுலரில் சேருங்கள். கூட்டாளிகளும் ஆசிரியர்களும் தபாலில் வரமாட்டார்கள். தங்கைகளுக்குக் கொடைக்கானலிலேயே 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது.

என் முடிவு இக்னோதான். டிப்ளமோ முடிந்ததும் ஜூலைச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கிறேன். ப்ராஸ்பெக்டஸ் என் பையில் இருக்கிறது. வேண்டியவர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிராயிங் ஹாலுக்கு வந்தால் பார்க்கலாம். பக்கத்தைக் கிழிக்காமல் திருப்பித் தாருங்கள்.