ராமானுஜன் விட்டுவிட்ட எண்

12-க்குக் காரணிகள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இப்படிப்பட்ட எண்களை ராமானுஜன் 1915-இல் ஒரு கட்டுரையில் பட்டியலிட்டார். கல்லூரித் தேர்வில் தேறாத அவருக்கு, 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது இந்த ஆய்வுக்காகத்தான்.

பட்டியலின் கடைசி எண் 6746328388800. டிராம்பே குழந்தைகளே, பிரித்துப் பாருங்கள்: 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை; 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒரு காரணியில் 2 இல்லாமலும் இருக்கலாம், ஆறு வரையும் வரலாம். ஆக ஏழு வழி. மற்றவற்றுக்கும் அப்படியே. 7×5×3×3×2×2×2×2×2 = 10080 காரணிகள்!

23-ஐ நீக்கினால் 293318625600, காரணிகள் 5040. இதுவும் அதே இனம்தான், ஆனால் அவர் பட்டியலில் விடுபட்டுவிட்டது. கைக்கணக்கல்லவா! நீங்களும் தாளில் பெருக்கிச் சரிபாருங்கள். என் பழைய கால்குலேட்டர் எட்டு இலக்கத்தோடு நின்றுவிட்டது.