புது புராசஸர் போட்டும் கம்ப்யூட்டர் திணறுவது ஏன்?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் ஐ3 புராசஸரைக் கழற்றிவிட்டு ஐ5 போட்டேன். ஆன் செய்ததும் நன்றாக ஓடுகிறது, சில நிமிடங்களில் பழையதைவிட மந்தமாகிவிடுகிறது. புராசஸர் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை, சூடுதான் காரணம். 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் புராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். வேகம் 3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1-க்கும் கீழே சரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

புராசஸரோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளைப் பாருங்கள். ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். குறுக்கு மூலைகளாக, ‘டிக்’ சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். மதர்போர்டின் பின்பக்கம் நான்கு ஊசியும் வெளியே தெரிகிறதா என்று பார்ப்பதே நிச்சயமான சோதனை. பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, பட்டாணியளவு புதிதாக வையுங்கள். காய்ந்த பேஸ்ட்டின் மேலேயே கூலரை மாட்டுவது கூடவே கூடாது!

ராமையும் மாற்றி இரண்டு ராம் போட்டிருந்தால், அவை மதர்போர்டு கையேடு சொல்லும் ஸ்லாட்டுகளில்தான் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். விண்டோஸை மறுபடி நிறுவும் வேலையை இப்போதைக்குத் தொடாதீர்கள்.