ஒரு படகில் இரு தொழில்

நெல்லை மட்டும் நம்பினால் மழை பொய்த்த போகத்தில் கை வெறுமை என்பதை வயல் செய்த நாம் அறிவோம். கடலிலும் அப்படியே. கல்முனைக் கரையோரத்தில் இடம்பெயர்ந்து வாழும் நம் பிள்ளைகள் ஆழ்கடல் படகில் ஏறுமுன் இதை அறிந்துகொள்வது நல்லது.

இலங்கையின் பல நாட் படகுகள் பலவற்றில் செவுள்வலையும் நீளத் தூண்டிலும் சேர்ந்தே போகின்றன. ஏன்?

1. மாலையில் விடும் வலை மேல்நீரில் மிதந்து சூரையைப் பிடிக்கும். விடியற்காலையில் அதை இழுப்பார்கள்.

2. தூண்டில் 50 முதல் 100 மீற்றர் ஆழத்தில் நின்று கெலவல்லாவைப் பிடிக்கும். உயிரோடு ஏறும் மீனுக்கு விலை கூட.

3. டீசல் செலவு ஒன்றுதான். ஒன்று பொய்த்தால் மற்றது கைகொடுக்கும்.

ஆனால் வலையில் இரவே செத்த மீன் வெதுநீரில் கிடந்து கெடத் தொடங்கும். அதில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நஞ்சு சமைத்தாலும் போகாது. ஆகவே இரு தொழில் செய்யும் படகுக்கு ஐஸும் கூடுதலாக வேண்டும். மீனை ஏற்றியவுடன் குடல் நீக்கி, கழுவி, ஐஸில் புதைக்க வேண்டும்.

சட்டத்தையும் அறிவோம். 2.5 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மிதவலையை விடுவதை இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு தடை செய்துள்ளது.

ஏறுமுன் கேட்போம்: ஐஸ் எவ்வளவு? உயிர்காப்பு அங்கியும் வானொலிக் கருவியும் உண்டா? எந்தச் செலவைக் கழித்தபின் பங்கு பிரிப்பார்கள்? பதில் தெளிவில்லாத படகுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.