ஜப்பானியர் பந்தியில் ஒரு பாடம்

வாணிபத்தின் பொருட்டு வேற்று நாட்டுக்குப் புறப்படும் நம்மவர் சரக்கின் தரத்தை ஆராய்கிறார்கள், விலையை விசாரிக்கிறார்கள், நாணய மாற்றைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்நாட்டார் தம் வீட்டில் எதை உண்கிறார்கள், ஏன் உண்கிறார்கள் என்று அறிந்து செல்வோர் சிலரே. பேரம் கடையில் தொடங்கினாலும், பல வேளைகளில் அது முடிவது சாப்பாட்டு மேசையில்தான். அங்கே முகம் சுளித்தவர் கடையில் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பயனில்லை. ஆகவே, ஜப்பானியரின் உணவுகளில் அயலார் கண்டு திகைக்கும் சிலவற்றை இவ்விதழில் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நூல் விடும் அவரை

நாம் ஒரு முறை அந்நாட்டு விடுதி ஒன்றில் தங்கியபோது, காலைப் பசியாறலுக்குச் சுடுசோற்றோடு ஒரு சிறு கிண்ணம் வந்தது. உள்ளே பழுப்பு நிற அவரை. குச்சியால் எடுத்தால் சிலந்தி நூல்போல இழை இழையாக நீண்டது; வாடையோ மழையில் நனைந்த சாக்கின் வாடை. பண்டம் கெட்டுவிட்டது என்றே எண்ணிக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினோம். பரிமாறிய மூதாட்டி ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துச் சென்றார். அவர் முகம் வாடியதைக் கண்ட பின்னரே, நாம் செய்தது பிழை என்பதை உணர்ந்தோம்.

அந்த உணவின் பெயர் நட்டோ. சோயா அவரையை வேகவைத்து, வைக்கோலில் பொதிந்து, சூடான இடத்தில் ஏறக்குறைய ஒரு நாள் வைப்பது பழைய முறை. வைக்கோலில் உள்ள நுண்ணுயிர் அவரையைப் புளிக்கச் செய்கிறது. மித்தோ நகரத்து நட்டோ பெயர் பெற்றது. ஜப்பானியரிலேயே, குறிப்பாக ஒசாகா பக்கத்தில், இதை விரும்பாதவர் பலர் உண்டு. நாம் சந்தையில் வாங்கும் தெம்பேயும் சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்வதுதானே! அங்கே வேலை செய்வது பூஞ்சை. இங்கே வேறொரு நுண்ணுயிர். ஒன்றைப் பொரித்து ருசித்து உண்ணும் நாம், மற்றொன்றைக் கெட்டது என்று தள்ளினோம்.

ஆடும் மீன்

சூடான பண்டத்தின் மேல் மெல்லிய சீவல்கள் தூவப்பட்டிருக்கும். அவை நெளிந்து ஆடும். உயிருள்ளது ஏதோ தட்டில் கிடக்கிறது என்று அயலார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவதுண்டு. உயிருமில்லை, மாயமுமில்லை; ஆவி பட்டு மெல்லிய சீவல் சுருள்கிறது, அவ்வளவே.

இது கட்சுவோபுஷி. சூரை மீனை அவித்து, முள் நீக்கி, பலமுறை புகையிட்டு உலர்த்துவார்கள். உயர்ந்த வகைக்குப் பூஞ்சை படரவிட்டு வெயிலில் காயவைப்பதும் உண்டு. அது முடிய மாதங்கள் ஆகும். இறுதியில் மீன் மரக்கட்டை போலாகி, இழைப்புளி பொருத்திய பெட்டியில் சீவும் நிலைக்கு வரும். நம் வணிகருக்கு இது புதிதா? மாலத்தீவிலிருந்து வரும் மாசியும் சூரையை அவித்து, புகையிட்டு, உலர்த்தியதுதான். மாசிச் சம்பல் உண்டு வளர்ந்த நாம் இதைக் கண்டு விலகுவானேன்?

இச்சீவலும் கொம்பு என்னும் கடற்பாசியும் சேர்ந்த சாறே அவர்கள் சமையலுக்கு அடிப்படை. 1908-இல் பேராசிரியர் இக்கெடா கிக்குனாயே கொம்புவின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் அஜினமோட்டோ விற்பனைக்கு வந்தது. நம் மளிகைக் கடைகளில் நெடுங்காலமாக விற்கும் அந்த வெள்ளைத் தூளின் பிறப்பு இதுவே.

கிழங்கும் சுண்ணாம்பும்

சாம்பல் நிறத்தில், கரும்புள்ளிகளோடு, ரப்பர் போல் துள்ளும் ஒரு கட்டி கொன்யாகு. சுவை ஏதுமில்லை. ‘இதை ஏன் உண்கிறார்கள்?’ என்று கேளாத அயலார் இல்லை. நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கே இதன் மூலம். சேனையைப் போலவே பச்சையாகத் தின்றால் வாயும் தொண்டையும் அரிக்கும். நாம் புளி சேர்த்து அரிப்பை அடக்குகிறோம்; அவர்கள் கிழங்கை மாவாக்கி, நீரில் கரைத்து, சுண்ணாம்பு கலந்து உறையவைக்கிறார்கள். கட்டியில் பெரும்பகுதி தண்ணீர்; ஆதலால் வயிறு நிறையும், உடல் பெருக்காது. உடன் வேகும் சாற்றின் சுவையை அது தாங்கிக்கொள்கிறது.

வறுமை கற்பித்த சமையல்

தோக்கியோவுக்குத் தெற்கே கடலில் இசு தீவுகள் உள்ளன. எடோ ஆட்சிக் காலத்தில் அத்தீவினர் உப்பையே வரியாகச் செலுத்த வேண்டியிருந்தது. மீனை உலர்த்த உப்பு வேண்டும், உப்போ அரசுக்கு. எனவே ஒரே உப்பு நீரில் மீண்டும் மீண்டும் மீனை ஊறவைத்தார்கள். நாளடைவில் அந்நீர் புளித்து, தனி மணமும் சுவையும் பெற்றது. அந்நீரைக் கொட்டாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் குடும்பங்கள் உண்டு. அதில் ஊறிக் காய்ந்த மீனே குசாயா. அதைச் சுடும்போது எழும் வாடையைப் பழகாதவர் தாங்கமாட்டார். ஆனால் பெலாச்சானை வறுக்கும்போது நம் அண்டை வீட்டார் சன்னலைச் சாத்துவதை நினைத்தால், நாம் பேச வாயில்லை.

பீவா ஏரிக் கரையில் மீனை உப்பிட்டு, பின்பு சோற்றோடு அடைத்து ஓராண்டும் அதற்கு மேலும் வைப்பார்கள். இந்த ஃபுனாசுஷிதான் இன்று உலகெங்கும் விற்கும் சுஷியின் பழைய வடிவம். பேராக்கிலும் கெடாவிலும் ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் சேர்த்துப் பக்குவப்படுத்தும் பெக்காசம் இதற்குத் தங்கை முறை.

கடல் அட்டையை அவர்கள் மெல்லியதாக அரிந்து, காடியில் தோய்த்துப் பச்சையாகவே உண்கிறார்கள். அதன் குடலை உப்பிட்டது விலை உயர்ந்த பண்டம். இராமநாதபுரக் கடற்கரையில் நம் முன்னோர் கடல் அட்டையை அவித்து உலர்த்திக் கீழ்த்திசைக்கு அனுப்பினர். 2001-இல் இந்திய அரசு தடை செய்யும்வரை அத்தொழில் இருந்தது. விற்றோமே தவிர, அது யார் வாயில் எப்படி இனித்தது என்று நாம் கேட்டதில்லை.

நஞ்சும் சட்டமும்

பேத்தை மீனை அவர்கள் ஃபுகு என்பார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹிதெயோஷி இதைத் தடுத்தார். 1888-இல் யமாகுச்சி மாநிலத்தில் தடை நீங்கியது. இன்று உரிமம் பெற்றவரே இதை அறுக்கலாம். 1975-இல் புகழ்பெற்ற கபுகி நடிகர் எட்டாம் பந்தோ மித்சுகோரோ பேத்தையின் ஈரலை உண்டு மாண்டார். கைதேர்ந்தவர் செய்யாத பேத்தையை எவர் தந்தாலும் மறுத்துவிடுவதே அறிவு.

விசாரிக்க வேண்டியவை

கி.பி. 675-இல் தெம்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை ஆண்டின் சில மாதங்களுக்கு விலக்கி ஆணையிட்டார். பின்னரும் பலமுறை இத்தகைய தடைகள் வந்தன. 1872-இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளியான பிறகே வழக்கம் பெரிதும் மாறியது. கடல் எட்டாத நகானோ மலைநாட்டார் வயலின் வெட்டுக்கிளியைப் பிடித்துச் சர்க்கரையும் சோயாச் சாறும் இட்டுச் சுண்டவைத்தனர்.

இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். வெட்டுக்கிளி நமக்கு ஆகுமானது. ஐயம் அதைச் சுண்டவைத்த சாற்றில் இருக்கிறது. சாக்கே என்னும் மதுவும், மிரின் என்னும் இனிப்பு மதுவும் அவர்கள் குழம்புகளில் சாதாரணமாகச் சேர்கின்றன. சில சோயாச் சாறுகளிலும் மது கலந்திருக்கும். ராமென் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பில் காய்ச்சியது. ஆக, கண்ணுக்கு விகாரமானது ஹலாலாக இருக்கலாம். கண்ணுக்கு அழகானது அப்படி இல்லாதிருக்கலாம். கந்தென் என்னும் இனிப்புக்கட்டி நோன்பு காலத்தில் நாம் காய்ச்சும் கடற்பாசியின் இனம். ஆனால் அதைப்போலவே தோன்றும் வேறொன்றில் விலங்கின் பசை இருக்கலாம். கடல் உயிர்களைப் பற்றி ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் தீர்ப்பு வேறுபடும். அவரவர் ஆலிமிடம் முன்பே கேட்டறிந்து செல்வது நலம்.

விருந்துக்கு அழைப்பு வந்த அன்றே, நாம் உண்ணாதவற்றைப் பணிவோடு எழுதித் தெரிவித்துவிட வேண்டும். பரிமாறிய பின் தட்டைத் தள்ளுவது அழைத்தவரை அவமதிப்பதாகும். முன்கூட்டிச் சொல்வது அவருக்கு உதவி செய்வதாகும். கோபே நகரில் இந்திய வணிகர் உள்ளிட்ட முஸ்லிம்கள் பொருள் திரட்டி 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அந்த மண்ணில் தம் மார்க்கத்தைக் காத்துக்கொண்டே மதிப்போடு வாணிபம் செய்த முன்னோர் இருந்தனர் என்பதற்கு அதுவே சான்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்முன் ஒருமுறை உடும்பின் இறைச்சி வைக்கப்பட்டது. தம் ஊரில் அது இல்லாததால் மனம் செல்லவில்லை என்று கூறித் தாம் உண்ணவில்லை. ஆனால் அருகிருந்த காலித் இப்னு வலீத் (ரலி) உண்டதைத் தடுக்கவுமில்லை, பண்டத்தை இகழவுமில்லை. இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்? விலக்கப்பட்டது வேறு, பழகாதது வேறு. முன்னதை மறுப்பது மார்க்கம். பின்னதை இகழ்வது அறியாமை.

மறுநாட் காலையில் அந்த மூதாட்டியிடம் கிண்ணத்தில் என்னென்ன சேர்ந்துள்ளன என்று நாமே கேட்டோம். அவரை மட்டுமே என்றார். உடன் வந்த சாற்றை ஒதுக்கிவிட்டு, ஒரு கவளம் சோற்றோடு உண்டோம். சுவை நமக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. உணவு முடிந்ததும் அந்நாட்டார் நன்றியாகக் கூறும் ‘கொச்சிசோ சாமா’ என்ற சொல்லைச் சொன்னோம். அவர் தலை தாழ்த்திச் சிரித்தார். அன்று முதல் விடுதியை விட்டுப் புறப்படும்வரை, நம் தட்டுக்கு வந்த ஒவ்வொன்றிலும் இன்னது இருக்கிறது என்று அவராகவே வந்து சொல்லிவந்தார்.