மென்பொருள் செயலிகள்: வகையறிந்து பயன்படுத்துதல்

கணினியையும் கைத்தொலைபேசியையும் இயங்கச் செய்யும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படும். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகியன அத்தகையவை. அவற்றின் மேல் நின்று, கடிதம் எழுதுதல், பணம் அனுப்புதல், உறவினருடன் முகம் பார்த்துப் பேசுதல் போன்ற குறிப்பிட்ட பணிகளைச் செய்து தரும் மென்பொருளே செயலி. ஒரு செயலி எவ்வகையைச் சார்ந்தது என்பதை அறிந்துகொண்டால், உங்கள் ஆவணம் எங்கே இருக்கிறது, பணம் எப்போது அறவிடப்படும், உங்களைப் பற்றிய எந்தத் தகவல் வெளியே செல்லும் என்பவற்றை முன்கூட்டியே உணரலாம்.

எங்கே இயங்குகிறது?

கணினியில் நிறுவப்படும் செயலிகள் பெரும்பாலும் இணைய இணைப்பின்றியும் இயங்கும். ஆவணம் உங்கள் கணினியிலேயே இருப்பதால், கணினி பழுதடைந்தால் அதுவும் அழியக்கூடும். பிரதி ஒன்றை வேறிடத்தில் வைத்திருங்கள். இணையவழிச் செயலிகள் உலாவியில் இயங்குகின்றன. ஆவணம் நிறுவனத்தின் கணினிகளில் சேமிக்கப்படுகிறது. நூலகக் கணினியில் இவற்றைப் பயன்படுத்திய பின் வெளியேறுவதற்கான பொத்தானை அழுத்தத் தவறாதீர்கள். கைத்தொலைபேசிச் செயலிகளை அந்தத் தொலைபேசிக்குரிய அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே பெறுங்கள்.

கட்டணம் எவ்வாறு?

சில செயலிகளுக்கு ஒருமுறை விலை கொடுத்தால் போதும். சிலவற்றுக்கு மாதந்தோறும் சந்தா உண்டு. லிப்ரெஓபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை எவரும் இலவசமாகப் பெறலாம். அதன் பட்டிகளைத் தமிழிலும் அமைத்துக்கொள்ள முடியும். 'இலவச முன்னோட்டம்' என வருபவற்றில் கவனம் தேவை. குறித்த நாள்கள் கடந்ததும் சந்தா தானாகத் தொடங்கும். செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது. செயலிக் கடையின் கணக்கிற்குள் சென்று அதனைத் தனியாக இரத்துச் செய்தல் வேண்டும்.

சட்டம் கூறுவது

'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்துவதன் மூலம் நீங்கள் ஓர் ஒப்பந்தத்தை ஏற்கிறீர்கள். எனினும், எந்த நிபந்தனையாலும் பறிக்க இயலாத உரிமைகள் சில உங்களுக்கு உண்டு. அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் கணினி மென்பொருளையும் 'பொருள்' என்றே கருதுகிறது. ஆகவே, விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் பழுதுடையதாயின் நீங்கள் பரிகாரம் கோரலாம். கணினி விளையாட்டுகளை இணையவழி விற்ற வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம், பணத்தைத் திருப்பித் தர இயலாது எனத் தன் நிபந்தனைகளில் எழுதியிருந்தது. அது நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியதென 2016ஆம் ஆண்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்து, 30 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது.

அனுமதி கேட்டால்

செயலி கேட்கும் அனுமதி அதன் பணிக்கு அவசியமானதா எனப் பாருங்கள். எமர்ஜென்சி பிளஸ் செயலி நீங்கள் நிற்கும் இடத்தை அறிய அனுமதி கேட்பது நியாயமே. 000 அழைப்பின்போது அவ்விடத்தை எடுத்துக்கூற அது உதவுகிறது. ஆனால், வெளிச்சம் தரும் செயலிக்கு உங்கள் தொலைபேசியிலுள்ள பெயர்ப்பட்டியல் எதற்கு? அத்தகைய அனுமதியை மறுத்துவிடுங்கள்.

தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலிகள்

இவை தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு உதவும் முறையான செயலிகளே. ஆயினும், மோசடிக்காரர்களும் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி அழைப்பவர் இத்தகைய செயலியை நிறுவச் சொல்வார். நீங்கள் நிறுவி அனுமதியும் அளித்துவிட்டால், உங்கள் திரையை அவர் காண்பார். உங்கள் கணக்கிலிருந்து பணத்தையும் அவரே அனுப்பக்கூடும். உடனே அழைப்பைத் துண்டியுங்கள். ஏற்கெனவே நிறுவியிருந்தால் இணைய இணைப்பை நிறுத்திவிட்டு, வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு வேறொரு தொலைபேசியிலிருந்து அழையுங்கள். ஏமாந்துவிட்டோம் என்ற கூச்சத்தால் தாமதிக்காதீர்கள். பணத்தை மீட்கும் வாய்ப்பு விரைவைப் பொறுத்தது.

ஆங்கிலத்தில் பேசுவது கடினமாயின், 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேளுங்கள்.