பெயர் ஒன்று, நோய் பல: நீரிழிவும் நிபுணர் துணையும்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, இலக்கணத்திலோ இலக்கியத்திலோ ஒரு பொருளை யாம் எடுத்துக்கொள்வோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். தமிழாசிரியர் நீரிழிவைப்பற்றி எழுதப் புகுந்தது ஏன் என வாசகர் வினவுதலும் இயல்பே. வகுப்பறையிலே யாம் இழைத்த தவறு ஒன்றே அதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பிலே எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், பாடம் நடக்கும்போது அடிக்கடி எழுந்து வெளியே செல்ல அனுமதி கேட்பான். மீளும்போது குழாயடியிலே வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். முன்வாங்கில் இருந்தவன் பின்வாங்குக்கு மாறி, மேசைமேல் தலைசாய்த்து உறங்கவுந் தலைப்பட்டான். சட்டை உடம்பிலே தொங்கியது. பாடத்தை ஏய்க்கின்றான் எனக் கருதி, மற்றை மாணவர் முன்னிலையில் அவனைக் கடிந்தோம். வீட்டார் அவனை ஓரிடத்திற் காட்டியபோது குருதியிற் சீனி மிகுந்திருத்தல் தெரிந்தது. அம்மம்மாவுக்கும் அந்நோய் இருந்தமையாற் பரம்பரைச் சீனி வருத்தம் என்று கூறி, முதியோருக்குக் கொடுக்கும் குளிசைகளையே கொடுத்தனுப்பினர். குளிசையைத் தவறாது விழுங்கியும் சீனி இறங்கவில்லை. களவாய்த் தின்கின்றான் என்று சுற்றத்தார் பழித்தனர். சில கிழமைகள் கழிய, வாந்தியும் வயிற்றுநோவும் கண்டு, மூச்சு ஆழ்ந்து இழுக்க, அறிவு மயங்கிய நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அங்கே நிபுணர் ஒருவர் ஆராய்ந்து, இஃது இன்சுலின் அறவே குன்றிய முதலாம் வகை நீரிழிவு எனக் கண்டார். இன்சுலினால் அவன் பிழைத்தான். பார்க்கச் சென்ற எம்மிடம் அவன் தாயார் கூறிய முதல் வார்த்தை, “தம்பி களவாய் ஒண்டுந் தின்னேல்லை, சேர்” என்பது. அவ்வார்த்தை இன்றும் எம் காதை விட்டகலவில்லை.

தொல்காப்பியர் சொல்லதிகாரக் கிளவியாக்கத்திலே பலபொருள் ஒருசொல்லுக்குப் பொருள் துணியும் வழியை வகுத்துள்ளார். ‘மா’ என்னுஞ் சொல் மரத்தையுங் குறிக்கும், விலங்கையுங் குறிக்கும். ‘மா பூத்தது’ என்றவிடத்து மரமென்றும், ‘மா ஓடிற்று’ என்றவிடத்து விலங்கென்றும் அறிகின்றோம். வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. நீரிழிவு என்பதும் அத்தகைய ஒரு சொல்லேயாம். நம் ஊரார் சலரோகம் என்பர், சீனி வருத்தம் என்பர். வடநூலார் மதுமேகம் என்பர். எப்பெயரால் அழைப்பினும் அது சுட்டுவது குருதியிலே குளுக்கோசு மிகுந்து நிற்றலாகிய ஓர் அடையாளத்தையே. அவ்வாறு மிகுவதற்குரிய காரணங்கள் பல. காரணம் வேறாயின் மருந்தும் வேறாகும்.

சதையி என்னும் உறுப்பிற் சுரக்கும் இன்சுலினே குளுக்கோசை உடற்கலங்களுட் புகச் செய்வது. 1921ஆம் ஆண்டு ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற் என்போர் அதனைப் பிரித்தெடுத்தனர். 1922ஆம் ஆண்டு தை மாதத்தில் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. எல்லா நோயாளரும் இன்சுலினுக்கு ஒரேவகையாய் இணங்குவதில்லை என்பதை 1936இல் இலண்டனில் ஹிம்ஸ்வேர்த் எடுத்துக்காட்டினார். அன்று தொடங்கிய வகைப்பாடு இன்றுவரை விரிந்துகொண்டே செல்கின்றது.

முதலாம் வகையில், உடலின் காவற்படையே வழிதவறிச் சதையியின் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகின்றது. இதற்கு இன்சுலின் ஊசியே உயிர்மருந்து. இரண்டாம் வகையில், இன்சுலின் சுரப்பினும் உடல் அதற்கு இணங்குவதில்லை. காலப்போக்கிற் சுரப்புங் குறையும். நம்மிடையே பெரும்பாலோர்க்கு உள்ளது இதுவே. உணவொழுங்கு, உடற்பயிற்சி, குளிசை என்பன இதற்கு முதன்மையானவை. பின்னர் இன்சுலினும் வேண்டப்படலாம். முதலாம் வகை சிறுவர்க்கே வரும் என்பது தவறான எண்ணம். முப்பது, நாற்பது வயதிலும் அது மெல்லத் தோன்றுவதுண்டு. தொடக்கத்தில் அவர்கட்குக் குளிசை பயன்படுவதுபோலக் காணப்படுதலின், இரண்டாம் வகை என மயங்குதல் எளிது.

மரபணு ஒன்றிலே நேர்ந்த மாற்றத்தால் வருவது வேறொரு வகை. பாட்டன், தந்தை, மகன் என மூன்று தலைமுறையிலும், பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்கு முன்னரே, உடற்பருமன் இல்லாதார்க்கும் இது தோன்றும். இவருட் சிலர் முதலாம் வகையினர் எனக் கருதப்பட்டு ஆண்டுக்கணக்காய் ஊசி ஏற்றியபின், மரபணுச் சோதனையால் உண்மை தெளிந்து, சல்போனைல்யூரியா என்னும் மலிவான குளிசைக்கு மாறியதுண்டு. பிறந்த ஆறு மாதத்துள் நீரிழிவு கண்ட குழந்தைகள் பலருக்கும் அக்குளிசையே ஏற்றதென்பது 2004ஆம் ஆண்டுக்குப் பின் நிகழ்ந்த ஆய்வுகளாற் புலனாயிற்று. சென்னையிலே மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் இத்தகைய மரபணு ஆய்வினை நடத்தி வருகின்றனர்.

நம்மையொத்த வெப்பநாடுகளுக்குரிய வகைகளும் உள. சதையியிலே கற்கள் தோன்றி, இளமை முதல் வயிற்றுநோவு விட்டுவிட்டு வருத்தி, மலம் எண்ணெய்ப்பசையாய்க் கழிந்து, ஈற்றில் நீரிழிவாய் முடிவது ஒன்று. 1959இல் இந்தோனேசியாவிற் சூயிடேமா என்பவரும், அடுத்த பத்தாண்டிற் கேரளத்திலே கீவர்கீஸ் வைத்தியரும் இதனை விரித்து எழுதினர். இளமையிற் போசாக்கின்றி மெலிந்தார்க்கு வருவது மற்றொன்று. 1955இல் யமேக்காத் தீவிலே ஹியூ-ஜோன்ஸ் என்பவர் இதனைக் குறித்துவைத்தார். 1985இல் உலக சுகாதார நிறுவனம் இதனைத் தனிவகையாக ஏற்றது. சான்று போதாதென 1999இல் நீக்கிவிட்டது. பட்டியலிற் பெயர் அழிந்தபோதும் நோயாளர் இருந்துகொண்டேயிருந்தனர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாரும் அமெரிக்க ஆய்வாளரும் கூடி 2022இல் வெளியிட்ட ஆய்வு, இவர்தம் நோய் முதலிரு வகையினின்றும் வேறு எனக் காட்டிற்று. 2025ஆம் ஆண்டு தை மாதத்தில் வேலூரிலே அறிஞர் கூடி ஆராய்ந்தனர்; அவ்வாண்டு சித்திரையிற் பாங்கொக் மாநாட்டிலே சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இதற்கு ‘ஐந்தாம் வகை’ எனப் பெயரிட்டது. இதுபற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இன்னும் உண்டு. ஆயினும், மெலிந்த இந்நோயாளர்க்கு இன்சுலினை அளவுமிஞ்சி ஏற்றினாற் குருதிச்சீனி மிகத் தாழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம் என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, எவ்வடையாளங்களைக் கண்டால் வகையை மீண்டும் ஆராய்வித்தல் வேண்டும் என்பதைக் கூறுவாம். மெலிந்த உடலினர் அல்லது இளவயதினர்க்கு நோய் காணல், குளிசையை ஒழுங்காக உட்கொண்டும் சீனி இறங்காமையும் உடல் மெலிதலும், மூன்று தலைமுறையில் இளமையிலேயே நோய் இருத்தல், நெடுநாள் வயிற்றுநோவு, ஸ்ரிறொயிட் மருந்து எடுத்தபின் சீனி ஏறுதல், சிறிதளவு இன்சுலினுக்கே சீனி அடிக்கடி தாழ்தல் என்பன அவை. ஐம்பது வயதின்மேற் புதிதாக நீரிழிவு கண்டு, காரணமின்றி உடலும் மெலியுமாயின், சதையியிற் புற்றுநோய் இன்மையையும் உறுதிசெய்தல் நன்று. மூன்றுமாதச் சீனி எனப்படும் எச்.பி.ஏ.1சி. சோதனையும் சிலவேளை நம்மை ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் அது கூட்டிக் காட்டலாம்; தலசீமியா முதலிய குருதிநோய்களிலும் பிழைபடலாம். ஆதலின் அவ்வொன்றை மாத்திரம் நம்பி நோயுண்டு என்றோ இல்லை என்றோ துணிதல் தகாது.

வகையை வேறுபிரித்தறிய உதவும் சோதனைகளுள் இரண்டின் பெயரை யாவரும் அறிந்துவைத்தல் நன்று. ஒன்று சீ-பெப்ரைட். சதையி இன்சுலினைச் சுரக்கும்போது இப்பொருளும் ஒத்த அளவில் உடன்வெளிப்படும். ஊசியில் ஏற்றும் இன்சுலினில் இஃது இல்லை. எனவே நோயாளியின் சொந்தச் சுரப்பு எவ்வளவு என்பதை இது காட்டும். மற்றது காட் எதிர்ப்பொருட் சோதனை. காவற்படை வழிதவறிற்றா என்பதை அது காட்டும். எவர்க்கு எச்சோதனை வேண்டும் என்பதைத் துணிதற்குரியவர் அகஞ்சுரக்குந் தொகுதி நிபுணராவர்.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்திலே, நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் கூறுகின்றார். ஆகவே நோயாளிக்கும் வீட்டாருக்கும் இதிற் பங்குண்டு. நிபுணரிடஞ் செல்லுமுன், வழமையாகப் பார்க்கும் வைத்தியரிடம் கடிதம் பெறுக. கிளினிக் கொப்பி, பழைய சோதனைத் தாள்கள், உட்கொள்ளும் குளிசைகள் யாவற்றையும் உடன்கொண்டு செல்க. நிறை எத்துணை குறைந்தது, எப்போது நோய் தொடங்கிற்று, குடும்பத்தில் யார்யார்க்கு எவ்வயதில் வந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதுக. “டொக்ரர், இவருக்கு இது எந்த வகை? எதனால் அவ்வகை என்று முடிவுசெய்தீர்கள்? வேறு வகையாக இருக்கக்கூடுமா?” என மரியாதையாகக் கேட்பதில் வைத்தியர்க்கு இழிவு யாதுமில்லை. தமிழிலேயே கேட்கலாம். 1847ஆம் ஆண்டு இங்கு வந்து மானிப்பாயிலே பணிபுரிந்த சாமுவேல் கிறீன் வைத்தியர், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து நூல்களும் வெளியிட்ட மண் இது.

ஒன்றனை அழுத்திக் கூறல் எம் கடன். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தாமாகவே இன்சுலினையோ குளிசையையோ நிறுத்தலாகாது. முதலாம் வகையினர் இன்சுலினைச் சில நாள் நிறுத்தினும் உயிர் போய்விடும். வாந்தி, வயிற்றுநோவு, ஆழ்ந்த மூச்சு, மயக்கம் என்பன கண்டால் நிபுணரின் தவணைக்குக் காத்திராது, உடனே வைத்தியசாலை செல்லுதல் வேண்டும்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரிய கடமையையுங் கூறி முடிப்பாம். இத்தாலியில் பார்மா என்னும் மாகாணத்திலே, 1991ஆம் ஆண்டு தொடக்கம், அளவிறந்த தாகத்தையும், படுக்கையை நனையாதிருந்த பிள்ளை மீண்டும் நனைப்பதையும் நீரிழிவின் குறியெனக் காட்டும் சுவரொட்டிகளைப் பாடசாலைகளில் ஒட்டினர். குழந்தை வைத்தியர்க்கும் அறிவுறுத்தினர். அதற்கு முன், புதிதாக நோய் கண்ட பிள்ளைகளுள் 78 வீதத்தினர் குருதியில் அமிலம் மிகுந்த ஆபத்தான நிலையிலேயே வைத்தியசாலையை அடைந்தனர். பின்வந்த ஆண்டுகளில் அது 12.5 வீதமாகக் குறைந்தது. சுவரொட்டிக்கு ஆகுஞ் செலவு எவ்வளவு! வைத்தியராய் விளங்கும் பழைய மாணவர் ஓரிருவர் முன்வந்தால், நம் கல்லூரிச் சுவரிலும் அத்தகைய ஒன்று தமிழில் விளங்குமன்றோ?

வகுப்பிலே எழுந்து வெளியே செல்ல அனுமதி கேட்கும் பிள்ளையை யாம் இப்போது கடிவதில்லை. எத்தனை முறை சென்றான், எவ்வளவு தண்ணீர் குடித்தான், முன்னையிலும் மெலிந்தானா என்று நோக்குகின்றோம். ஐயம் எழுந்தால் அன்று மாலையே பெற்றோரை அழைக்கின்றோம். மருந்து பயன்படாதவிடத்து நோயாளியைப் பழிப்பதற்கு முன், நோயின் வகை சரியாக அறியப்பட்டதா என நாம் யாவரும் ஒருமுறை வினவுவோமாக.