பீரோவுக்குள் இருக்கும் காது மிஷின்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயசு 48. இருபத்திரண்டு வருஷமா பட்டாசு ஆபீஸ்ல வேலை. புது ரகம் வந்தா வெடிச்சுப் பாக்கிறதும் அவர்தான். ரெண்டு காதுலயும் ஓயாம ‘கொய்ங்’னு சத்தமாம். “கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியல”ங்கிறார். போன வருஷம் முகாம்ல மிஷின் கொடுத்தாங்க. நாலு நாள் மாட்டினார், இரைச்சல் தாங்கலைன்னு பீரோவுல வச்சுட்டார். ‘செவிட்டு மிஷின்’னு கேலி பண்ணுவாங்கன்னு கூச்சம் வேற. இந்தக் காது திரும்புமா? மிஷினால பிரயோஜனம் உண்டா?
- பெயர் வேண்டாம், திருத்தங்கல்

பதில்: சகோதரி, “கேக்குது, புரியல” என்று அவர் சொல்வதை அப்படியே நம்புங்கள். ‘வேண்டியது மட்டும் காதுல விழுமாக்கும்’ என்று பல வீடுகளில் சண்டையே இதை வைத்துத்தான். வெடிச் சத்தம் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள கூர்மையான ஒலிகளை. அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் அதற்குக் கீழே இருப்பதால் தப்பிவிடும். க, ச, த, ட பறிபோகும். கடை, சடை, தடை மூன்றும் அவருக்கு ஏறக்குறைய ஒரே சொல்தான். நீங்கள் கத்தினால் உயிரொலிதான் பெருகும், சொல் தெளியாது.

உள்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. போனவை திரும்ப முளைப்பதில்லை. ஆனாலும் காது டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். வெடி அதிர்ச்சியில் செவிப்பறை கிழிந்திருந்தால் அறுவைச் சிகிச்சையால் சரிசெய்ய முடியும். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெருவில் வேறு யாருக்காவது வெடி வெடித்துத் திடீரென்று காது அடைத்தால், நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம். அன்றே, தவறினால் மறுநாளே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். முதல் சில நாட்களில் தரும் மருந்துக்குத்தான் பலன் அதிகம்.

இனி மிஷினுக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் குண்டுச் சத்தத்தால் செவி மங்கிய சிப்பாய்கள், அமெரிக்காவில் பட்லர் என்ற ஊரின் டெஷான் ராணுவ மருத்துவமனைக்கு வந்தார்கள். 1944-இல் அங்கே பொறுப்பேற்ற ரேமண்ட் கார்ஹார்ட், அவர்கள் கையில் மிஷினைக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடவில்லை. எந்த மிஷினில் யாருக்குப் பேச்சு தெளிகிறது என்று சொற்களைச் சொல்லிச் சோதித்தார். கேட்கும் பயிற்சியும் உதடு பார்த்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியும் வாரக்கணக்கில் நடந்தன. செவிப்புலன் மறுவாழ்வு என்ற துறை வளர்ந்தது இப்படித்தான். உங்கள் வீட்டுக்காரருக்குக் கிடைக்காமல் போனது அந்தப் பயிற்சிதான்.

அவருடைய மூளை பல வருஷமாகக் கூர்மையான ஒலிகளை மறந்து கிடக்கிறது. திடீரென்று ஃபேன், பாத்திரம், செருப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதினால் யாருக்கும் தாங்காது. நாலு நாளில் கழற்றியது அவர் குற்றமில்லை. முதலில் எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்து, அதற்கேற்ப மிஷினைக் காது கேட்பதைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் திருத்தி அமைக்க வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் வித்யா ராம்குமார், ரூபா நாகராஜன் குழுவினர், கிராமத்தில் நிற்கும் வேனில் இருக்கும் பச்சைக் குழந்தைகளின் காதைச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைவிலிருந்தே சோதிக்க முடியும் என்று 2013-இலேயே காட்டினார்கள். காது பார்க்கும் நிபுணர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். முதல் தடவை நேரில் போங்கள். பிறகு வரும் சந்தேகங்களை வீடியோ காலில் கேட்க முடியுமா என்று விசாரியுங்கள்.

பயிற்சி உங்கள் கையில். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர் மிஷினை மாட்டிக்கொள்ளட்டும். டிவியையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு எதிரே உட்காருங்கள். அன்றைய கதையை நிதானமாகப் பேசுங்கள். முகம் பார்த்துப் புரிய ஆரம்பித்ததும், வாயை மறைத்துக்கொண்டு கடை, சடை, தடை, படை என்று சொல்லி அவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். அப்புறம் பேப்பர் வாசித்துக் காட்டலாம். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கல்யாண வீடு, பஜாருக்கு மிஷினோடு போவதெல்லாம் இரண்டு மாதம் கழித்து இருக்கட்டும். பலருக்கு மிஷின் பழகப் பழகக் காதிரைச்சலின் தொந்தரவும் குறைகிறது.

ஆபீசுக்கு மட்டும் மிஷின் வேண்டாம். வெடிமருந்துப் பக்கம் பேட்டரிப் பொருள் ஆபத்து, போதாததற்கு அது வெடிச் சத்தத்தையும் பெருக்கும். அங்கே தேவை காதடைப்பான். பஞ்சு போதாது. 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது பட்டாசுக்கு 1999-இல் வந்த விதி. ஒரு மீட்டரில் நிற்பவருக்கு அது இன்னும் 12 டெசிபல் கூடுதலாக விழும். தினமும் வெடித்துப் பார்க்கும் ஆளுக்குக் காதடைப்பான் கொடுப்பது முதலாளியின் கடமை. கூசாமல் கேட்கச் சொல்லுங்கள்.

வேலைச் சத்தத்தால் வரும் செவிக்குறை, ஈ.எஸ்.ஐ. தொழில் நோய்ப் பட்டியலில் உண்டு. அட்டை இருந்தால் ஆடியோகிராமோடு போய் விசாரியுங்கள். இரண்டு காதிலும் இழப்பு 60 டெசிபலை எட்டியிருந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.

கூச்சம் பற்றி எழுதியிருந்தீர்கள். ‘செவிட்டு மிஷின்’ என்ற பெயரை முதலில் உங்கள் வீட்டுக்குள் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிஷினைப் பீரோவில் வைத்தபோது பேட்டரியை எடுத்தீர்களா? இல்லையென்றால் கசிந்திருக்கலாம். இன்றைக்கே திறந்து பாருங்கள்.